லேப்டாப் ஹார்ட் டிஸ்க் சத்தம் போடுதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப்ல இருந்து டிக் டிக், கிர்ர், கீச்னு ஏதோ ஒரு சத்தம் வர ஆரம்பிச்சதும் எல்லாரும் கேக்குற கேள்விங்களை இங்க ஒண்ணா சேர்த்திருக்கேன். பொறுமையா படிக்க நேரம் இல்லைன்னா இதை மட்டும் எடுத்துக்கோங்க: சத்தம் புதுசு, கூடவே லேப்டாப் ஹேங் ஆகுது இல்ல ஃபைல் ஓபன் ஆக மாட்டேங்குதுன்னா, காரணத்தை தேடிட்டு உக்காராதீங்க, வேணுங்கற ஃபைலை முதல்ல வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணிடுங்க. டெஸ்ட், ரிப்பேர், விண்டோஸ் திரும்ப போடறது எல்லாம் அதுக்கு அப்புறம்தான். கரகரன்னு உரசுற சத்தம்னா காப்பி கூட வேணாம், உடனே ஆஃப்.

சத்தம் ஹார்ட் டிஸ்க்ல இருந்துதான் வருதுன்னு எப்படி உறுதியா சொல்றது?

முதல்ல உங்க லேப்டாப்ல ஹார்ட் டிஸ்க்கே இருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, எஸ்எஸ்டி (தட்டுக்கு பதிலா சிப்ல சேமிக்கற டிரைவ்) போட்ட லேப்டாப்பை வச்சுக்கிட்டு ஹார்ட் டிஸ்க் சத்தம்னு தேடுறவங்க நிறைய பேர். விண்டோஸ் 10 பிந்தைய வெர்ஷன்லயும் 11லயும் டாஸ்க் மேனேஜர் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல டிஸ்க்கை கிளிக் பண்ணா அது எச்டிடியா (அதான் ஹார்ட் டிஸ்க்) எஸ்எஸ்டியான்னு போட்டிருக்கும். எஸ்எஸ்டில சுத்துற பாகம் எதுவுமே கிடையாது, அதனால டிக்னோ கிர்ருனோ அது சத்தம் போட வழியே இல்ல. அப்போ உங்க சத்தம் ஃபேன்ல இருந்து வருது, இல்லைன்னா ஸ்பீக்கர், இல்லைன்னா போர்டுல இருக்கற காயில் (கம்பிச்சுருள்).

எச்டிடி இருக்குன்னா அடுத்தது சத்தம் எப்போ மாறுதுன்னு கவனிங்க. வீடியோ எடிட்டிங், கேம் மாதிரி ஏதாவது ஓடும்போது உஸ்ஸுன்னு ஏறி, மூடினதும் கொஞ்ச நேரத்துல அடங்கினா அது ஃபேன், சூடான காத்து வெளிய வர்ற பக்கம் காதை வச்சா தெரிஞ்சிடும். ஃபேன்ல தூசி சேர்ந்து இறக்கை எங்கயாவது தட்டினா கடகடன்னு கூட வரும், அதை கேட்டு நிறைய பேர் டிஸ்க் போச்சுன்னு பயந்துடறாங்க. பாட்டு நின்னதும் சில செகண்ட் கழிச்சு டப்னு ஒரு சத்தம் வந்தா அது சவுண்ட் சிப் பவர் மிச்சப்படுத்த தூங்கப் போறது. பேஜ் ஸ்க்ரோல் பண்ணும்போது மட்டும் ரொம்ப மெல்லிசா ஈன்னு கேட்டா அது காயில் சத்தம், ஆபத்து ஒண்ணும் இல்ல, காதுக்குத்தான் எரிச்சல்.

இன்னும் சந்தேகம்னா லேப்டாப்பை ஆன் பண்ணி பயாஸ் ஸ்க்ரீன்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கற செட்டிங் பக்கம்) அப்படியே விடுங்க. அங்க விண்டோஸ் ஓடல, டிஸ்க்கை யாரும் படிக்கச் சொல்லல, அப்பவும் சீரா டிக் டிக்னு வந்தா சாஃப்ட்வேர் மேல பழி போட முடியாது. கடைசி டெஸ்ட், பவரை எடுத்து பேட்டரியையும் கழட்டிட்டு டிஸ்க்கை வெளிய எடுத்துட்டு பென் டிரைவ்ல இருந்து லைவ் லினக்ஸ் (டிஸ்க் இல்லாமயே பென் டிரைவ்ல இருந்து ஓடற ஓஎஸ்) போட்டு பாக்கறது, டிஸ்க் இல்லாமயே அதே சத்தம் வந்தா டிஸ்க் நிரபராதி.

எந்த சத்தமெல்லாம் நார்மல்?

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா இது சுலபம். லேப்டாப் டிஸ்க் பெரும்பாலும் 5400 ஆர்பிஎம், அதாவது டேட்டா எழுதற வட்டமான தட்டு ஒரு செகண்டுக்கு 90 சுத்து. 7200 ஆர்பிஎம்னா 120 சுத்து. தட்டுக்கு மேல ஹெட், அதாவது டேட்டாவைப் படிக்கற எழுதற முனை, சில நானோமீட்டர் உயரத்துல காத்து மெத்தையில மிதக்குது, உங்க தலைமுடியோட தடிமன் அந்த இடைவெளியை விட பல ஆயிரம் மடங்கு அதிகம். தட்டு சுத்துறதால ம்ம்ம்னு ஒரு மெல்லிய முனகல், ஹெட் இங்கயும் அங்கயும் ஓடுறதால கரமுரன்னு ஒழுங்கில்லாத சின்னச் சின்ன சத்தம், ஷட் டவுன் பண்ணும்போது ஹெட் பார்க்கிங் இடத்துக்குப் போற ஒரு டிக், இதெல்லாம் ஆரோக்கியமான டிஸ்க்.

நீங்க எதுவுமே பண்ணாதப்போ டிஸ்க் ஓடுறதும் நார்மல்தான். விண்டோஸ் இண்டெக்ஸிங், ஆன்டிவைரஸ் ஸ்கேன், அப்டேட் எல்லாமே நீங்க கையை எடுத்த நேரம் பாத்துதான் ஆரம்பிக்கும். இது போக எஸ்எம்ஆர்னு ஒரு வகை டிஸ்க் இருக்கு, டிராக்கை ஒண்ணு மேல ஒண்ணு லேசா ஏறுற மாதிரி எழுதி இடத்தை மிச்சம் பிடிக்கும், 1 டிபி, 2 டிபி லேப்டாப் டிஸ்க்குல நிறைய இந்த வகைதான். நீங்க பெரிய ஃபைல் காப்பி பண்ணி முடிச்சப்புறமும் அது உள்ளுக்குள்ள ஒழுங்குபடுத்திட்டு இருக்கும், டாஸ்க் மேனேஜர்ல 0 சதவீதம்னு காட்டும் ஆனா டிஸ்க் மட்டும் முனகிட்டே கிடக்கும்.

ஓடிட்டு இருக்கற லேப்டாப்பை தூக்கும்போது ஒரு டிக் வருதுன்னாலும் பயப்பட வேணாம். அசைவைக் கண்டுபிடிக்கற சென்சார் கீழ விழப்போகுதோன்னு நினைச்சு ஹெட்டை ஓரமா ஒதுக்குது. ஐபிஎம் 2003ல திங்க்பேட்ல இதைக் கொண்டு வந்தாங்க, அப்புறம் மத்த கம்பெனிகளும் வெவ்வேற பேர்ல வச்சாங்க. பட்டனை அழுத்திப் பிடிச்சு கட்டாயமா ஆஃப் பண்ணாலும் வழக்கத்தை விட பலமா ஒரு டொக் வரும், கரண்ட் போனதும் சுத்திட்டு இருக்கற தட்டோட வேகத்துல கிடைக்கற கொஞ்சம் மின்சாரத்தை வச்சே ஹெட் அவசரமா ஒதுங்குற சத்தம் அது. ஒண்ணு ரெண்டு தடவைன்னா ஒண்ணும் ஆகாது, தினமும் இப்படி ஆஃப் பண்ற பழக்கம் இருந்தா விட்டுடுங்க.

சத்தம் எவ்ளோ பெருசுங்கறதை விட, போன மாசம் இருந்த சத்தமா இதுங்கறதுதான் கேள்வி. சில டிஸ்க் பொறந்ததுல இருந்தே சத்தமாத்தான் இருக்கும், வருஷக்கணக்கா ஓடும்.

டிக்... டிக்... டிக்னு ஒரே தாளத்துல வருது, லேப்டாப் ஹேங் ஆகுது, சில சமயம் விண்டோஸே வரல. என்ன அது?

மோசமான செய்தி இதுதான். ஹெட் தட்டு மேல போய், தான் எங்க இருக்கோம்னு தெரிஞ்சுக்க அங்க எழுதி வச்சிருக்கற அடையாளத்தைப் படிக்கப் பாக்குது, படிக்க முடியல, திரும்பிப் போய் ஓரத்துல இடிச்சு மறுபடி வருது. இருட்டுல சாவித் துவாரத்தைத் தேடிட்டே இருக்கறவன் மாதிரி. அந்தப் போக்குவரத்துதான் நீங்க கேக்குற டிக். ஹெட் கெட்டிருக்கலாம், தட்டுல கீறல் விழுந்திருக்கலாம், டிஸ்க் தனக்குன்னு ரகசியமா வச்சிருக்கற ஃபர்ம்வேர் (தன்னை இயக்கற புரோகிராம்) பகுதி படிக்க முடியாம போயிருக்கலாம், அபூர்வமா பவர் சரியா வராததாலயும் இருக்கலாம்.

இங்க எல்லாரும் பண்ற காரியம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, திரும்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பாக்கறது. பேக்கப் இல்லாத டேட்டா உள்ள இருந்தா அதை பண்ணாதீங்க. கெட்டுப்போன ஹெட் ஒவ்வொரு தடவை தட்டு மேல ஓடும்போதும் மேல்பூச்சை கீறிடலாம், கீறின இடத்துல இருந்த டேட்டாவை எந்த லேபாலயும் திரும்பக் கொண்டு வர முடியாது. இன்னும் ஃபைல் தெரியுது, ஸ்லோவா இருந்தாலும் காப்பி ஆகுதுன்னா முக்கியமானதை மட்டும் எடுங்க. டிஸ்க்கே தெரியலன்னா ஆஃப் பண்ணி எடுத்து வச்சிடுங்க, அடுத்து என்னங்கறது கீழ இருக்கு.

எனக்கு சில செகண்டுக்கு ஒரு தடவை ஒரே ஒரு டிக் மட்டும் வருது, மத்தபடி எல்லாம் நல்லா ஓடுது. அதுவும் சாகப்போகுதா?

பெரும்பாலும் இல்ல. பவர் மிச்சம் பண்ண டிஸ்க் வேலை இல்லாத நேரத்துல ஹெட்டை பார்க் பண்ணும், அடுத்த ஃபைல் கேட்டதும் திரும்ப இறக்கும். செட்டிங் ரொம்ப கெடுபிடியா இருந்தா இது நாள் முழுக்க நடந்துட்டே இருக்கும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறிச்சு வைக்கற ஸ்மார்ட் லிஸ்ட்ல 193ஆவது நம்பர், லோட் சைக்கிள் கவுண்ட், இதைத்தான் எண்ணுது. லேப்டாப் டிஸ்க் பலதுக்கு கம்பெனி சொல்ற கணக்கு 6 லட்சம் தடவை, சிலதுக்கு 3 லட்சம். அரை நிமிஷத்துக்கு ஒரு டிக்னு வச்சுக்கோங்க, ஒரு மணி நேரத்துக்கு 120, தினம் 8 மணி நேரம் ஓடினா 960, அப்போ 6 லட்சம் தொட 625 நாள்தான். அந்த நம்பர் வந்த அன்னைக்கே டிஸ்க் செத்துடும்னு இல்ல, தாண்டி ஓடுற டிஸ்க்கும் இருக்கு, ஆனாலும் வீணா தேய வைக்கணுமான்னு யோசிங்க.

மாத்தறதுக்கு ஏபிஎம்னு ஒரு லெவல் இருக்கு, 1ல இருந்து 254 வரைக்கும், நம்பர் கூடக்கூட பவர் சிக்கனம் குறையும். விண்டோஸ்ல க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற சாஃப்ட்வேரோட அட்வான்ஸ்டு ஃபீச்சர்ல இதை ஏத்தி வைக்கலாம், லினக்ஸ்ல ஹெச்டிபார்ம் கமாண்டுக்கு கேப்பிட்டல் பி ஆப்ஷன்ல 254 கொடுத்தா போதும். ரீஸ்டார்ட் ஆனாலோ ஸ்லீப் போய் வந்தாலோ நிறைய டிஸ்க் பழையபடி ஆயிடும், அதனால ஆரம்பிக்கும்போதே தானா செட் ஆகற மாதிரி வைக்கணும். ஒரு விஷயம், இப்படி வச்சப்புறம் ஹெட் எப்பவும் தட்டு மேலயே இருக்கும், ஓடிட்டு இருக்கற லேப்டாப்பை மடியில தூக்கிப் போட்டு விளையாடற ஆளுங்க இதை மாத்தாம இருக்கறதே நல்லது.

பவர் ஆப்ஷன்ல டர்ன் ஆஃப் ஹார்ட் டிஸ்க்னு இருக்கறது வேற, அது மோட்டாரையே நிறுத்தறது. அதை மாத்தினா இந்த டிக் போகாது.

கிர்ர்ர்னு கரகரன்னு உரசுது.

ஆஃப் பண்ணுங்க. இப்பவே, ஷட் டவுன் ஆகற வரைக்கும் கூட காத்திருக்காம பட்டனை அழுத்திப் பிடிச்சு. முன்னாடி கட்டாயமா ஆஃப் பண்ணாதீங்கன்னு சொன்னேன்ல, இது மட்டும் விதிவிலக்கு. ஹெட் தட்டைத் தொட்டு உரசிட்டு இருக்கு, செகண்டுக்கு 90 சுத்துங்கற கணக்கை நினைச்சுப் பாருங்க, ஒரு நிமிஷம் விட்டா 5400 தடவை அதே இடத்துல தேய்ச்சிருக்கும். உதிர்ற தூள் உள்ளயே பறந்து மத்த இடத்தையும் கெடுக்கும். மறுபடி ஆன் பண்ணிப் பாக்காதீங்க.

டிஸ்க்ல இருந்தே பீப் மாதிரி, இல்ல ஙொய்ங்னு ஒரு சத்தம் வந்து நின்னுடுது

மோட்டார் சுத்தப் பாத்து முடியாம தவிக்கற சத்தம். ஹெட் பார்க் ஆகாம தட்டு மேலயே ஒட்டிக்கிட்டிருக்கலாம், கீழ விழுந்த டிஸ்க்குல இது அடிக்கடி, இல்லைன்னா பேரிங் இறுகியிருக்கலாம். தட்டு சுத்தலன்னா டேட்டா பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், லேப்ல கொடுத்தா கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு, வீட்டுல ஆட்டி தட்டி சுத்த வச்சாத்தான் அந்த வாய்ப்பு போகும். லேப்டாப் ஸ்பீக்கர்ல வர்ற பயாஸ் பீப்போட குழப்பிக்காதீங்க, அது பெரும்பாலும் ரேம் சமாச்சாரம்.

கீச்னு விசில் மாதிரி ஒரே சுருதியில வருது

பேரிங் தேய்மானம். பழைய காலத்து டிஸ்க்குல குண்டு பேரிங், அது வயசானா கீச்சுன்னு கத்தும். 2000க்கு அப்புறம் படிப்படியா எண்ணெய்ப் படலத்துல சுத்தற பேரிங்குக்கு மாறிட்டாங்க, அதனாலதான் இப்ப இருக்கற டிஸ்க் இவ்ளோ அமைதி. புது வகை டிஸ்க் ஒண்ணு திடீர்னு கீச்சுன்னா கொஞ்ச நாள் ஓடலாம், ஓடாமலும் போகலாம். காப்பி எடுத்துட்டு மாத்துங்க, ரிப்பேர்னு ஒண்ணு இதுக்கு கிடையாது.

டிஸ்க் மாத்தின பிறகுதான் அதிர்ற சத்தம் வருது, புது டிஸ்க்கே கெட்டதா?

அவசரப்படாதீங்க, தடிமனைப் பாருங்க. 2.5 இன்ச் டிஸ்க் 9.5 எம்எம் ஒண்ணு, 7 எம்எம் ஒண்ணுன்னு வருது. 9.5 இடத்துல 7 போட்டா மேல 2.5 எம்எம் சும்மா கிடக்கும், டிஸ்க் சுத்தும்போது மொத்த கேஸும் டர்ர்னு அதிரும். சின்ன பிளாஸ்டிக் ஸ்பேசர் வச்சா முடிஞ்சது. பழைய டிஸ்க்கோட ஓரத்துல இருந்த ரப்பரை கழட்டி புதுசுக்கு மாட்ட மறந்துட்டாலும், ஒரு ஸ்க்ரூ விட்டுப்போனாலும் இதேதான். மூடி மேல விரலால லேசா அழுத்தும்போது சத்தம் குறைஞ்சா டிஸ்க் நல்லாருக்கு, பொருத்தினதுதான் சரியில்ல.

ஸ்மார்ட்டுன்னு சொல்றாங்களே, அதுல எதைப் பாக்கணும்? லிஸ்ட்ல ஏகப்பட்ட நம்பர் இருக்கு

விண்டோஸ்ல க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸ்ல ஸ்மார்ட்சிடிஎல் இல்ல ஜிஸ்மார்ட்கண்ட்ரோல். இதெல்லாம் டிஸ்க் ஏற்கனவே எழுதி வச்சிருக்கற கணக்கைப் படிக்குமே தவிர தட்டு முழுக்க ஸ்கேன் பண்ணாது, அதனால காப்பி எடுக்கறதுக்கு முன்னாடி பாத்தாலும் பரவால்ல. க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல ரா வேல்யூ (நேரடி எண்ணிக்கை) ஹெக்ஸ்ல, அதாவது 16 அடிமானத்துல வரும், அதைப் பாத்து குழம்பாம ஃபங்ஷன் மெனுல அட்வான்ஸ்டுக்குள்ள போய் 10 அடிமானத்துக்கு மாத்திக்கோங்க.

முதல்ல பாக்க வேண்டியது 5, 197, 198. 5ங்கறது கெட்டுப்போன செக்டருக்கு (தட்டுல டேட்டா எழுதற சின்னத் துண்டு) பதிலா டிஸ்க் தன்னோட ஸ்பேர் இடத்தைக் கொடுத்த எண்ணிக்கை. 197 படிக்க முடியாம முடிவு தெரியாம தொங்கிட்டு இருக்கறது, 198 சோதிச்சும் சரிபண்ண முடியாதது. மூணும் 0 இருக்கணும். ஒண்ணு ரெண்டு இருந்து மாசக்கணக்கா ஏறலைன்னா கண்காணிச்சுட்டே ஓட்டலாம், வாரா வாரம் ஏறினா கதை முடிஞ்சது. 10ஆவது நம்பர் ஸ்பின் ரீட்ரை, மோட்டார் முதல் தடவையில வேகம் பிடிக்க முடியாம திரும்ப முயற்சி பண்ணது, அதுவும் 0 இருக்கணும். 199 ஏறுதுன்னா டிஸ்க்கை விட்டுட்டு கேபிளையும் கனெக்டரையும் பாருங்க, கழட்டி மாட்டினாலே சரியாகறது உண்டு, ஆனா ஏறின நம்பர் இறங்காது, மேல ஏறாம நின்னா போதும்.

சீகேட் டிஸ்க் வச்சிருக்கறவங்க 1ஆவது நம்பர்ல (படிக்கும்போது வர்ற பிழை) கோடிக்கணக்குல பாத்துட்டு அலறுவாங்க. அது அவங்க எழுதற விதம் அப்படி, எத்தனை தடவை படிச்சதுங்கறதும் சேர்ந்து ஒரே எண்ணா வருது. கண்டுக்காதீங்க.

ஸ்மார்ட் எல்லாம் நீலம், குட்னு காட்டுது. ஆனா சத்தம் வருது. எதை நம்பறது?

காதை நம்புங்க. கூகுள் ஆளுங்க 2007ல ஒரு லட்சத்துக்கும் மேல டிஸ்க்கை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுல செத்துப்போன டிஸ்க்குல 56 சதவீதத்துக்கும் மேல முக்கியமான நாலு ஸ்மார்ட் நம்பர்ல ஒண்ணுலகூட எந்த அறிகுறியும் காட்டாமத்தான் செத்துச்சு. ஆனா நம்பர் ஏறினா அதை லேசா எடுத்துக்கவும் முடியாது, அதே ஆய்வுல முதல் ஸ்கேன் எரர் வந்த டிஸ்க் அடுத்த 60 நாளுக்குள்ள சாகற வாய்ப்பு எரர் வராத டிஸ்க்கை விட 39 மடங்கு. அதாவது கெட்ட ரிப்போர்ட்டை நம்பலாம், நல்ல ரிப்போர்ட்டை நம்ப முடியாது. அந்தக் கணக்கு சர்வர்ல ஓடின டிஸ்க்கோடது, மடியிலயும் பையிலயும் இடிபடற லேப்டாப் டிஸ்க் நிலைமை அதை விட நல்லா இருக்கும்னு எதிர்பாக்க முடியாது.

செக் டிஸ்க் ஓட்டினா சரியாகுமா? டீஃப்ராக்? ஃபார்மேட்?

சத்தம் போடற டிஸ்க்குக்கு, டேட்டா எடுக்காம, மூணுமே வேணாம். செக் டிஸ்க்கை பேட் செக்டர் தேடற ஆப்ஷனோட ஓட்டினா மொத்த தட்டையும் படிக்கும், மணிக்கணக்கா, கெட்ட இடத்துல நின்னு முட்டி முட்டிப் பாக்கும். அதோட அது ஃபைல் சிஸ்டத்தைச் சரிபண்ற கருவி, உங்க ஃபைலைக் காப்பாத்தற கருவி இல்ல, கணக்கு ஒத்துப்போகணும்னு துண்டு துண்டா வெட்டி எறியவும் செய்யும். டீஃப்ராக், அதாவது சிதறிக் கிடக்கற ஃபைல் துண்டுகளை ஒண்ணா சேர்க்கறது, அதை விட மோசம், நல்லா இருக்கற ஃபைலையும் தூக்கி கெட்ட இடத்துக்குப் பக்கத்துல வைக்கும். ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் புதுசா போட்டா ரெண்டு வாரம் நல்லா ஓடற மாதிரி தெரியும், அதை வச்சு சரியாயிடுச்சுன்னு நம்பி திரும்ப எல்லாத்தையும் அதுலயே ஏத்தறவங்கதான் ரெண்டாவது தடவை அழறாங்க.

டேட்டா பத்திரமா வெளிய இருக்குன்னா அப்புறம் என்ன வேணா ஓட்டிப் பாருங்க. டெல்ல எஃப்12 அழுத்தினா வர்ற மெனு, எச்பில எஸ்கேப் அழுத்தி எஃப்2, அங்க இருக்கற டயக்னாஸ்டிக்ஸ் டிஸ்க் டெஸ்ட் நல்லாவே இருக்கும், ஃபெயில் கோடு வந்தா வாரண்டிக்கு கேக்கும்போது உதவும்.

சரி, டேட்டாவை எப்படி எடுக்கறது? ட்ராக் அண்ட் ட்ராப் பண்ணா பாதில நின்னுடுது

வரிசைதான் முக்கியம். சின்னது, திரும்பக் கிடைக்காதது முதல்ல: டாக்குமெண்ட், வேலை ஃபைல், போட்டோ. படம், பாட்டு, இன்ஸ்டாலர் எல்லாம் கடைசி, இல்லாட்டியும் பரவால்ல. மொத்த ஃபோல்டரையும் ஒரே இழுப்பா இழுக்காம சின்னச் சின்னதா எடுங்க, ஒரு ஃபைல்ல மாட்டினா ஸ்கிப் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போங்க, அதுல பிடிவாதம் பிடிச்சு மறுபடி மறுபடி ட்ரை பண்றது டிஸ்க்குக்கு ஆகாது. ஸ்லீப்பை ஆஃப் பண்ணுங்க, சார்ஜர் மாட்டுங்க, காப்பி ஆகும்போது லேப்டாப்பை அசைக்காதீங்க.

விண்டோஸே அந்த டிஸ்க்ல இருந்துதான் ஓடுதுன்னா அது தன் வேலைக்கும் டிஸ்க்கை ஓட விட்டுட்டே இருக்கும், அதனால பென் டிரைவ்ல லைவ் லினக்ஸ் போட்டு எடுக்கறது நல்லது. இன்னும் நல்லது, டிடிரெஸ்க்யூன்னு லினக்ஸ்ல ஓடற, டிஸ்க்கை மொத்தமா காப்பி பண்ற கருவி. அது நல்லா படிக்க முடியற இடத்தையெல்லாம் முதல்ல எடுத்துட்டு கெட்ட இடத்தைத் தாண்டிப் போயிடும், அப்புறம் திரும்பி வந்து அந்தத் துண்டுகளை மட்டும் சுரண்டிப் பாக்கும், எது ஆச்சு எது ஆகலைங்கறதை ஒரு மேப் ஃபைல்ல எழுதி வைக்கும், நடுவுல நிறுத்தினாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். எழுதற டிஸ்க் பழசோட மொத்த அளவுக்கு சமமா இல்ல பெருசா இருக்கணும். சோர்ஸ் எது டெஸ்டினேஷன் எதுன்னு மூணு தடவை பாத்துட்டு என்டர் தட்டுங்க, மாத்திக் கொடுத்தா காலி டிஸ்க்கை உங்க டேட்டா மேல எழுதிடும்.

பிட்லாக்கர் (டிஸ்க் முழுக்க பூட்டு போடற விண்டோஸ் வசதி) போட்ட லேப்டாப்னா ரெக்கவரி கீ இல்லாம வெளியில இருந்து ஒண்ணும் திறக்காது. நிறைய லேப்டாப்ல நமக்குத் தெரியாமயே ஆன் ஆகி இருக்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணா கீ அங்க இருக்கான்னு பாத்து எழுதி வச்சுக்கோங்க, அதுவும் லேப்டாப் இன்னும் பூட் ஆகும்போதே.

ஃப்ரீசர்ல வச்சா வேலை செய்யும்னு சொல்றாங்களே? தட்டிப் பாக்கலாமா? திறந்து பாக்கலாமா?

ஃப்ரீசர் கதை ரொம்ப பழைய டிஸ்க் காலத்துல கிளம்பினது. இப்ப வச்சு எடுத்தா உள்ள நீர் கோத்துக்கும், நானோமீட்டர் இடைவெளியில மிதக்கற ஹெட் ஒரு நீர்த்துளி மேல மோதினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. தட்டறதும் வேணாம். திறக்கறது சுத்தமா வேணாம், நம்ம அறைக்காத்துல இருக்கற தூசி ஒவ்வொண்ணும் அந்த ஹெட்டுக்கு பாறாங்கல். மூடி மேல சின்னதா ஒரு ஓட்டை இருக்கும், அதுல டேப் ஒட்டாதீங்க, காத்தழுத்தம் சமமாக வச்சது.

அதே மாடல் டிஸ்க் வாங்கி கீழ இருக்கற பச்சை போர்டை மட்டும் மாத்தறதும் இப்ப நடக்காது, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனியா அளந்த விவரம் போர்டுல ஒரு சிப்ல இருக்கு, அந்த சிப்பையும் கழட்டி மாத்தணும். அதோட டிக் சத்தம் வர்ற டிஸ்க்குக்கு காரணம் பெரும்பாலும் போர்டு இல்ல.

ரெக்கவரி பண்றவங்ககிட்ட கொடுக்கலாமா? எப்படி நம்பறது?

டேட்டா உண்மையிலேயே முக்கியம், பேக்கப் இல்ல, டிஸ்க் டிக் அடிக்குது இல்ல உரசுதுன்னா அதுதான் வழி. கேக்க வேண்டியது: டிஸ்க்கைத் திறக்க சுத்தமான அறையோ கேபினெட்டோ உங்ககிட்டயே இருக்கா, இல்ல வேற யாருக்கோ அனுப்புறீங்களா? எடுக்க முடியலன்னா காசு உண்டா இல்லையா? என்னென்ன ஃபைல் கிடைச்சதுன்னு லிஸ்ட் காட்டின பிறகுதானே பணம்? சத்தத்தைக் கேட்டதும் உங்க கண்ணு முன்னாடியே பிசில மாட்டி ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்ட ஆரம்பிச்சாங்கன்னா டிஸ்க்கை வாங்கிட்டு வந்துடுங்க. நீங்க ஏற்கனவே என்னென்ன பண்ணிப் பாத்தீங்கங்கறதை மறைக்காம சொல்லுங்க, கீழ விழுந்திருந்தா அதையும்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் இதே மாதிரி டிக் அடிக்குது

முதல்ல கேபிளை மாத்துங்க, போர்ட்டை மாத்துங்க, ஹப் நடுவுல இருந்தா தூக்குங்க. யுஎஸ்பி 2ல 500 மில்லி ஆம்ப், யுஎஸ்பி 3ல 900 மில்லி ஆம்ப்தான் கணக்கு, 2.5 இன்ச் டிஸ்க் சுத்த ஆரம்பிக்கற அந்த நிமிஷத்துல 1 ஆம்ப் வரைக்கும் கேக்கும். போதலைன்னா சுத்த ஆரம்பிக்கும், விழும், டிக், மறுபடி சுத்தும். லேப்டாப்ல இருந்து கழட்டின டிஸ்க்கை மலிவான அடாப்டர்ல மாட்டும்போதும் இதே கதைதான், பவர் இல்லாம வர்ற டிக்கைக் கேட்டு நல்ல டிஸ்க்கை செத்ததுன்னு முடிவு பண்ணிடாதீங்க.

சூடு, உயரம், சத்தம் இதெல்லாம் டிஸ்க்கைப் பாதிக்குமா?

சூடு ஓரளவுக்கு. 40 சொச்சம் டிகிரி செல்சியஸ்ல இருந்தா கவலையில்ல, 55 தாண்டி நிக்குதுன்னா காத்து போற வழியைப் பாருங்க, மெத்தை மேல வச்சு ஓட்டாதீங்க. உயரமும் உண்டு, ஹெட் மிதக்கறதே காத்துலதானே, நிறைய டிஸ்க்குக்கு சுமார் 3,000 மீட்டர் வரைக்கும்தான் கம்பெனி பொறுப்பு.

சத்தம்தான் வேடிக்கை. 2022ல மைக்ரோசாஃப்ட்ல இருக்கற ரேமண்ட் சென் ஒரு பழைய கதையைச் சொன்னார். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல ஒரு பாப் பாட்டோட வீடியோவைப் போட்டா சில மாடல் லேப்டாப் கிராஷ் ஆகும், பாட்டு ஓடற லேப்டாப் மட்டும் இல்ல, பக்கத்துல சும்மா இருந்த லேப்டாப்பும். அந்தப் பாட்டுல வர்ற ஒரு சுருதி அந்த 5400 ஆர்பிஎம் டிஸ்க்கோட இயல்பான அதிர்வோட ஒத்துப்போச்சு, கடைசில அந்த சுருதியை மட்டும் வடிகட்டற மாதிரி ஆடியோல ஃபில்டர் போட்டாங்களாம். அதுக்கு சிவிஇ 2022-38392ன்னு பாதுகாப்புக் குறைபாடு நம்பரே கொடுத்துட்டாங்க. உங்க டிஸ்க் பாட்டால கெட்டிருக்க வாய்ப்பு கம்மி, ஸ்பீக்கர் மேல லேப்டாப்பை வைக்காதீங்க, அவ்ளோதான்.

இதோட எஸ்எஸ்டிக்கு மாறிடலாமா?

மாறுங்க, லேப்டாப்ல எச்டிடி திரும்ப வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியல, ரொம்ப பெரிய கொள்ளளவு கம்மி விலைக்கு வேணுங்கறதைத் தவிர. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி 7 எம்எம், பழைய டிஸ்க் இருந்த அதே இடத்துல உக்காரும், சத்தம் கிடையாது, கீழ விழுந்தா ஹெட் இடிக்கும்ங்கற பயம் கிடையாது. ஆனா எஸ்எஸ்டி முன்னறிவிப்பே இல்லாம ஒரு காலையில காணாம போகலாம், அழிச்ச ஃபைலைத் திரும்ப எடுக்கறதும், அந்த இடத்தைக் காலி பண்ணிடற ட்ரிம்னால கஷ்டம், அதனால பேக்கப் தேவை குறையாது, கூடத்தான் செய்யும்.

பேட் செக்டர் இருக்கற டிஸ்க்குல இருந்து அப்படியே க்ளோன் (மொத்தமா நகல்) பண்றதை விட விண்டோஸை புதுசா ஏத்தி ஃபைலை மட்டும் கொண்டு வர்றதுதான் என் ஓட்டு. பாதி படிச்ச சிஸ்டம் ஃபைலோட க்ளோன் ஆனா பிரச்சினையும் சேர்ந்தே வரும். விண்டோஸ் 10, 11 டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோட சம்பந்தப்பட்டது, டிஸ்க் மாத்தினாலும் இன்டர்நெட் கிடைச்சதும் தானா ஆக்டிவேட் ஆயிடும்.

பழைய டிஸ்க்கை என்ன பண்றது? வாரண்டில கொடுக்கலாமா?

வாரண்டி இருந்தா கொடுக்கலாம், ஆனா அவங்க வேற டிஸ்க் தருவாங்க, உங்க டேட்டாவைத் தர மாட்டாங்க, திறந்து பாத்திருந்தா வாரண்டியும் போச்சு. இன்னும் ஓடற டிஸ்க்குன்னா கொடுக்கறதுக்கு முன்னாடி விண்டோஸ் ஃபார்மேட்ல க்விக்ங்கற டிக் மார்க்கை எடுத்துட்டு முழு ஃபார்மேட் பண்ணுங்க, விஸ்டாவுல இருந்து அது மொத்த இடத்துலயும் சைபர் எழுதும். ஓடாத டிஸ்க்கை அழிக்க வழி இல்ல, உள்ள ரகசியமான விஷயம் இருந்தா தட்டை உடைச்சுதான் ஆகணும். அப்படி உடைக்கறதுன்னா ஒண்ணு கவனம், 2.5 இன்ச் டிஸ்க் பலதுல தட்டு கண்ணாடியில செஞ்சது, வளையாது, சுக்குநூறா தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு டிஸ்க்கை தடிச்ச துணியில சுத்தி வச்சுத்தான் அடிக்கணும்.